ஏஐ ஏஜென்ட்டுகளுக்காக மென்பொருள் கருவிகளை ஆவணப்படுத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏபிஐ (ஒரு மென்பொருளை இன்னொரு மென்பொருள் அழைக்கும் வழி) எழுதுகிறவர்களும் அலுவலகத்துக்குள் பயன்படும் சிறு கருவிகளைப் பராமரிப்பவர்களும் இப்போது ஒரு புதிய வாசகருக்காகவும் எழுத வேண்டியிருக்கிறது. மொழி மாதிரியின் (எழுத்தைப் படித்து எழுத்தில் பதில் தரும் ஏஐயின்) துணையோடு இயங்கி, நாம் கொடுத்த கருவிகளைத் தானே தேர்ந்தெடுத்துப் பயன்படுத்தும் ஏஜென்ட்தான் அந்த வாசகர். கருவி விளக்கங்களை எழுதுவதும் திருத்துவதுமே என் அன்றாட வேலை. உடன் வேலை செய்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

ஏஜென்ட் ஒரு கருவியை எப்படி அறிந்துகொள்கிறது?

அதற்குக் கிடைப்பவை மூன்றே: கருவியின் பெயர், அதைப் பற்றிய விளக்கம், அது ஏற்கும் உள்ளீடுகளின் ஸ்கீமா, அதாவது எந்த உள்ளீட்டில் எந்த வகை மதிப்பு வர வேண்டும் என்ற வரையறை. ஓப்பன்ஏஐ 2023 ஜூனில் தன் ஏபிஐயில் ஃபங்ஷன் காலிங் (மாதிரி கருவிகளை அழைக்கும்) வசதியைக் கொண்டுவந்தபோதும், கிளாட் மாதிரியை உருவாக்கிய ஆந்த்ராபிக் 2024 நவம்பரில் ஏஜென்ட்டுகளையும் கருவிகளையும் இணைக்கும் பொது நெறிமுறையான மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் எனப்படும் எம்சிபியை வெளியிட்டபோதும் அடிப்படை அமைப்பு இதுவாகவே இருந்தது. பயனர் கேட்ட கேள்வியோடு கருவிகளின் பட்டியலும் மாதிரியின் முன் வைக்கப்படுகிறது. மாதிரி அதைப் படித்து, எந்தக் கருவியை எந்த மதிப்புகளோடு அழைக்க வேண்டும் என்பதை ஜேசன் என்ற தரவு வடிவில் எழுதித் தருகிறது. அதை வாங்கி உண்மையில் கருவியை இயக்குவது வேறொரு நிரல். கிடைத்த விடை மீண்டும் எழுத்தாக மாதிரியிடம் வந்து சேர்கிறது.

பொதுவாக, கருவியின் மூல நிரல் மாதிரியின் கண்ணில் படுவதே இல்லை. நீங்கள் எவ்வளவு நேர்த்தியாக நிரல் எழுதியிருந்தாலும், மாதிரியைப் பொறுத்தவரை விளக்கத்தில் உள்ள சில வரிகள்தான் அந்தக் கருவி.

மனிதர்களுக்காக எழுதிய ஆவணம் ஏற்கெனவே இருக்கிறது. அதையே கொடுத்தால் போதாதா?

அந்த ஆவணம் எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்தது. யூனிக்ஸ் கையேட்டின் முதல் பதிப்பு 1971 நவம்பரில் வந்தது. ஒவ்வொரு கட்டளைக்கும் பெயர், பயன்படுத்தும் முறை, விளக்கம் என்று தலைப்பிட்டு எழுதியதோடு, தெரிந்த குறைகளைச் சொல்ல ஒரு தனித் தலைப்பையும் அதில் வைத்திருந்தார்கள். அந்த மரபில் எழுதப்பட்ட ஆவணங்கள் இன்று ஏஜென்ட்டுகளுக்கும் நன்றாகவே பயன்படுகின்றன.

பயன்படாதவை வேறு வகை. "வலது மேல் மூலையில் உள்ள நீலப் பொத்தானை அழுத்தவும்" என்று திரையின் படத்தோடு தொடங்கும் பக்கங்களும், முக்கியமான நிபந்தனையை ஒரு காணொளியின் நடுவில் சொல்லிவிட்டுப் போகும் பயிற்சிகளும் அதற்கு உதவுவதில்லை. அவற்றைவிடப் பெரிய சிக்கல் எழுதப்படாமலே இருக்கும் செய்திகள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் முதல் வாரத்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் பத்து முறையாவது "இதை எப்படி நிரப்புவது?" என்று கேட்பார். ஏஜென்ட்டும் சில நேரங்களில் பயனரிடம் திருப்பிக் கேட்கும் என்றாலும், பெரும்பாலும் கேட்பதில்லை. எழுதாமல் விட்ட இடத்தை, தான் முன்பு படித்த ஆயிரக்கணக்கான ஏபிஐகளின் சாயலில் ஊகித்து நிரப்பிவிடும். ஊகம் பெரும்பாலும் சரியாக இருப்பதால்தான் தவறும்போது அதை யாரும் கவனிப்பதில்லை. பக்கத்து இருக்கையில் வாய்மொழியாகச் சொல்லி வந்தவற்றை எழுத்தில் கொண்டுவருவதுதான் இந்த வேலையின் பெரும்பகுதி.

ஒரு நல்ல விளக்கம் எப்படி இருக்கும்? எடுத்துக்காட்டு காட்ட முடியுமா?

இணையக் கடை ஒன்றில் ஆர்டர்களைத் தேடும் கருவியை எடுத்துக்கொள்வோம். முதலில் அதன் விளக்கம் இப்படி இருந்தது:

> ஆர்டர்களைத் தேடும்.

திருத்திய பிறகு:

> வாடிக்கையாளர் செய்த ஆர்டர்களை, ஆர்டர் எண், கைபேசி எண், தேதி வரம்பு ஆகியவற்றில் ஒன்றைக் கொண்டு தேடித் தரும். கடந்த 18 மாத ஆர்டர்கள் மட்டுமே இதில் உள்ளன. அதற்கு முந்தையவற்றுக்கு 'பழைய_ஆர்டர்_தேடு' கருவியைப் பயன்படுத்தவும். ரத்தான ஆர்டர்களும் பட்டியலில் வரும்; 'நிலை' என்ற புலத்தைப் பார்த்து அவற்றைப் பிரிக்கவும். பொருள் இப்போது எங்கே இருக்கிறது என்பதை இக்கருவி சொல்லாது; அதற்கு 'கூரியர்_நிலை' கருவி உண்டு. பொருத்தமான ஆர்டர் இல்லையென்றால் வெற்றுப் பட்டியல் வரும். அது பிழை அன்று. ஒரு முறைக்கு அதிகபட்சம் 20 ஆர்டர்கள், புதியது முதலில்.

இரண்டாவது விளக்கத்தின் ஒவ்வொரு வாக்கியமும் ஒரு தவறான ஊகத்தைத் தடுக்கிறது. 18 மாத எல்லையைச் சொல்லாவிட்டால், மூன்று ஆண்டுகளுக்கு முன் வாங்கிய வாடிக்கையாளரிடம் "உங்கள் பெயரில் ஆர்டரே இல்லை" என்று ஏஜென்ட் உறுதியாகச் சொல்லிவிடும். ரத்தானவை பற்றிச் சொல்லாவிட்டால் விற்பனைக் கணக்கு கூடுதலாக வரும். வெற்றுப் பட்டியல் பிழை அன்று என்று சொல்லாவிட்டால், ஏஜென்ட் அதே தேடலைச் சற்றே மாற்றி மாற்றி ஐந்தாறு முறை அழைத்துப் பார்க்கும்.

கருவி என்ன செய்யாது என்பதை எழுதப் பலர் தயங்குகிறார்கள். அது குறையை ஒப்புக்கொள்வது போலத் தோன்றுகிறதாம். என் அனுபவத்தில் அதிகம் பயன் தந்தவை அந்த வரிகள்தாம். ஒரு கருவிக்குக் குறைந்தது மூன்று நான்கு வாக்கியங்களாவது எழுதுங்கள் என்று ஆந்த்ராபிக்கின் வழிகாட்டி சொல்கிறது. நான் அதை மேல் எல்லையாகக் கொள்வதில்லை.

பெயர் வைப்பதில் அவ்வளவு கவனம் தேவையா?

தேவை. நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்துவைக்கும் கிட் மென்பொருளில் 'செக்அவுட்' என்ற ஒரே கட்டளை நெடுங்காலமாக இரண்டு வேலைகளைச் செய்துவந்தது. ஒன்று, வேறொரு கிளைக்கு மாறுவது. மற்றொன்று, கோப்பில் செய்து கிட்டில் இன்னும் பதிவு செய்யாத மாற்றங்களைத் துடைத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது. முதலாவது ஆபத்தில்லாதது, இரண்டாவது செய்த வேலையை அழித்துவிடக்கூடியது. 2019 ஆகஸ்டில் வந்த 2.23 பதிப்பில் இவ்விரண்டையும் 'ஸ்விட்ச்', 'ரிஸ்டோர்' என்று தனித்தனிக் கட்டளைகளாகப் பிரித்தார்கள். மனிதர்களுக்காகச் செய்த அந்தப் பிரிப்பு ஏஜென்ட்டுக்கு இன்னும் அதிகமாக உதவுகிறது, ஏனென்றால் ஒத்த பெயர்கள் கொண்ட இருபது கருவிகளில் ஒன்றைத் தேர்வு செய்யும்போது அது முதலில் பற்றிக்கொள்வது பெயரைத்தான்.

உள்ளீட்டின் பெயருக்கும் இதுவே பொருந்தும். 'பயனர்' என்று பெயர் வைத்தால் அங்கே பெயரை இடுவதா, மின்னஞ்சலை இடுவதா, எண்ணை இடுவதா என்பது தெரியாது. 'பயனர்_எண்' என்றால் கேள்வியே எழாது.

அலகு, நாணயம், தேதி பற்றி ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறீர்கள்?

நான் பட்ட அடி அங்கேதான். சில காலத்துக்கு முன் நான் இருந்த குழுவில், வாடிக்கையாளருக்குப் பணத்தைத் திருப்பித் தரும் கருவி ஒன்றுக்கு விளக்கம் எழுதினேன். தொகைக்கான புலத்தில் "திருப்பித் தர வேண்டிய தொகை, முழு எண்" என்று மட்டும் குறிப்பிட்டிருந்தேன். அந்தக் கருவி தொகையைப் பைசாவில் எதிர்பார்க்கிறது என்பது எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் எழுதத் தோன்றவில்லை. 450 ரூபாயைத் திருப்பித் தரச் சொன்னபோது ஏஜென்ட் 450 என்று நிரப்பியது. வாடிக்கையாளருக்கு 4 ரூபாய் 50 பைசா போய்ச் சேர்ந்தது. கருவி "வெற்றி" என்று விடை தந்ததால், பணம் அனுப்பியாகிவிட்டது என்று ஏஜென்ட்டும் அவரிடம் சொல்லிவிட்டது. அவர் கோபமாக எழுதிய பிறகுதான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது. தவறு ஏஜென்ட்டினுடையது என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. அந்த வரியை எழுதியவன் நான்.

ரேஸர்பே, ஸ்ட்ரைப் போன்ற பணப்பரிமாற்றச் சேவைகள் தொகையை நாணயத்தின் மிகச்சிறிய அலகில் வாங்குகின்றன. அதைத் தங்கள் ஆவணங்களில் தெளிவாகவும் எழுதியிருக்கின்றன. இந்திய ரூபாய்க்கு அது 100 மடங்கு. ஜப்பானிய யென்னுக்குச் சிறிய அலகு இல்லாததால் மடங்கே இல்லை. குவைத் தினாருக்கு 1000 மடங்கு. ஆகவே "சிறிய அலகில்" என்று எழுதுவதோடு நிறுத்தாமல், "450 ரூபாய் என்றால் 45000 என்று இடவும்" என்று ஓர் எடுத்துக்காட்டும் தர வேண்டும். ஒரு பத்தி விளக்கம் செய்யாததை அந்த ஓர் எடுத்துக்காட்டு செய்துவிடும். தொகையை எழுத்துச்சரமாக வாங்கும் கருவியானால் காற்புள்ளியைப் பற்றியும் சொல்லுங்கள். இந்திய வழக்கில் ஒன்றரை லட்சம் 1,50,000. பிற இடங்களில் 150,000.

தேதியில் 04/05/2025 என்பது மே 4ஆ, ஏப்ரல் 5ஆ என்பது ஊருக்கு ஊர் மாறும். 2002இல் வெளியான ஆர்எஃப்சி 3339 என்ற இணையத் தர ஆவணம் சொல்லும் 2025-05-04 என்ற வடிவத்தைக் கேட்டுவிட்டால் அந்தக் குழப்பம் தீரும். ஆனால் நேர மண்டலம் அதோடு தீர்ந்துவிடாது. சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடினால், இந்திய நேரப்படி அதிகாலை 5.30க்குத்தான் அங்கே நாள் மாறும். "இன்றைய ஆர்டர்கள்" என்று கேட்டால், நள்ளிரவுக்குப் பின் 5.30 வரை வந்தவை முந்தைய நாளில் போய் உட்கார்ந்திருக்கும். மேலும், தேதியை யாரும் சொல்லாவிட்டால் இன்று எந்த நாள் என்பதே மொழி மாதிரிக்குத் தெரியாது. "நாளை", "போன வாரம்" போன்ற சொற்களைக் கருவி ஏற்காது என்றால் அதையும் எழுதிவிடுங்கள்.

தமிழ்ப் பெயர்களும் தமிழ் எழுத்தும் வரும் புலங்களுக்குத் தனியாக ஏதாவது எழுத வேண்டுமா?

கட்டாயம் எழுத வேண்டும். நம்மைத் தவிர வேறு யாருக்கும் இது தோன்றாது. "பெயர், அதிகபட்சம் 20 எழுத்துகள்" என்ற வரியைப் பாருங்கள். 'வணக்கம்' என்ற சொல்லில் நம் கணக்குப்படி ஐந்து எழுத்துகள். யூனிகோட் குறியீடுகளாக எண்ணினால் புள்ளிகள் தனித்தனிக் குறியீடுகளாவதால் ஏழு. யுடிஎஃப்-8 என்ற முறையில் சேமிக்கும் பைட்டுகளாக எண்ணினால், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வீதம் இருபத்தொன்று. உங்கள் தரவுத்தளம் பைட்டைக் கணக்கிட்டால் 20 என்ற எல்லைக்குள் 'வணக்கம்' என்ற சொல்கூட நுழையாது. எதை எண்ணுகிறீர்கள் என்பதை விளக்கத்தில் சொல்லாவிட்டால், ஏஜென்ட் பெயரை நடுவில் வெட்டி அனுப்பும் அல்லது காரணம் புரியாமல் தோற்கும்.

இன்னொன்று. 'கொடி' என்ற சொல்லில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் இடலாம், எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியே இரண்டு குறியீடுகளாகவும் இடலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். குறியீட்டு எண்ணிக்கையோ ஒன்றில் நான்கு, மற்றொன்றில் ஐந்து. தேடும் கருவி இவற்றை ஒருமைப்படுத்தாமல் அப்படியே ஒப்பிட்டால், இருக்கிற பெயரையே இல்லை என்று சொல்லும். முதலில் கருவியைத் திருத்துவதுதான் நல்லது. அதுவரை, "பெயரை ஒருமைப்படுத்திய யூனிகோட் வடிவில் அனுப்பவும்" என்று ஒரு வரி இருக்கட்டும்.

முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டாயப் புலங்கள் கொண்ட படிவம் நம்மில் பலருக்குத் தலைவலி. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக வைத்திருப்பவருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்றே இல்லை. ஏஜென்ட்டும் அங்கே தடுமாறுகிறது: ஒருமுறை தலைப்பெழுத்தை இடுகிறது, இன்னொருமுறை அதே பெயரை இரண்டாவது முறையாக இடுகிறது. "குடும்பப் பெயர் இல்லாதவருக்குத் தந்தையின் முழுப் பெயரை இடவும்" என்றோ "வெறுமையாக விடலாம்" என்றோ, எது உங்கள் நிறுவனத்தின் முடிவோ அதை எழுதுங்கள்.

விளக்கத்தையே தமிழில் எழுதலாமா?

எழுதலாம், இன்றைய பெரிய மாதிரிகள் புரிந்துகொள்கின்றன. ஆனால் பெரும்பாலான மாதிரிகளில், ஒரே செய்திக்குத் தமிழ் எழுத்து ஆங்கிலத்தைவிடக் கூடுதலான டோக்கன்களை (மாதிரி எழுத்தைப் பிரித்து எண்ணும் துண்டுகளை) எடுக்கிறது. ஒவ்வொரு உரையாடலிலும் விளக்கம் முழுதும் மாதிரியின் முன் வைக்கப்படுவதால் அந்தச் செலவு ஒருமுறையோடு போவதில்லை. கருவி விளக்கத்தை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு, பயனர் பேசும் சொற்களை மட்டும் அதில் தமிழில் சேர்ப்பது எனக்குச் சரிப்பட்டு வந்திருக்கிறது. "சிட்டா", "பட்டா", "வில்லங்கச் சான்று" போன்ற சொற்களை மொழிபெயர்த்து எழுதினால், பயனர் கேட்பதும் கருவி தருவதும் ஒன்றுதான் என்பது ஏஜென்ட்டுக்குப் பிடிபடாமல் போகலாம்.

பிழைச் செய்திகளும் ஆவணத்தில் அடங்குமா?

அடங்கும். ஏஜென்ட் மிகவும் கவனமாகப் படிக்கும் ஆவணம் அதுதான் என்றுகூடச் சொல்வேன், ஏனென்றால் அடுத்து என்ன செய்வது என்று அது முடிவெடுக்கும் நேரத்தில் கண்முன் இருப்பது அந்தச் செய்தியே. "தவறான உள்ளீடு" என்று மட்டும் வந்தால் அது எதையாவது மாற்றிப் பார்க்கும். "'நிலை' புலத்தில் 'முடிந்தது' என்ற மதிப்பு ஏற்கப்படாது, ஏற்கப்படுபவை: புதியது, அனுப்பியது, சேர்ந்தது, ரத்து" என்று வந்தால் அடுத்த அழைப்பிலேயே சரியாகிவிடும்.

மீண்டும் முயலலாமா கூடாதா என்பதைச் செய்தியே சொல்ல வேண்டும். சற்றுப் பொறுத்தால் தீரும் சிக்கல், உள்ளீட்டை மாற்றினால் தீரும் சிக்கல், என்ன செய்தாலும் தீராத, மனிதரிடம்தான் ஒப்படைக்க வேண்டிய சிக்கல் என்று மூன்று வகை உண்டு. கோரிக்கைகள் அளவுக்கு மீறினால் வரும் எச்டிடிபி 429 விடையோடு எத்தனை நொடி காத்திருக்க வேண்டும் என்ற தலைப்பையும் அனுப்புவது முதல் வகைக்கு நல்ல முன்மாதிரி. அனுமதி இல்லை என்பது மூன்றாம் வகை; அதை வெளிப்படையாகச் சொல்லாவிட்டால் ஏஜென்ட் வேறு வழிகளைத் தேடிப் போகும், அந்த வழிகளில் சில நாம் விரும்பாதவையாக இருக்கும். எம்சிபியில், கருவி ஓடித் தோற்ற செய்தியை விடையின் உள்ளேயே பிழை என்ற குறியோடு தருவதற்கு இடம் வைத்திருப்பது, மாதிரி அதைப் படித்துத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான்.

பிழையல்லாத ஒன்றைப் பிழைபோலக் காட்டுவதும் குழப்பம் தரும். லினக்ஸில் 'கிரெப்' கட்டளை, தேடிய சொல் கிடைத்தால் 0, கிடைக்காவிட்டால் 1, உண்மையான பிழை என்றால் 2 என்று முடிவுக் குறியீடு தருகிறது. கையேட்டில் இது தெளிவாக இருக்கிறது. நீங்கள் எழுதும் கட்டளையிலும் சுழியம் அல்லாத குறியீடுகளுக்கு இப்படித் தனித்தனிப் பொருள் இருந்தால் எழுதிவையுங்கள்.

கருவி தரும் விடையைப் பற்றி எவ்வளவு எழுத வேண்டும்?

எந்தப் புலம் என்ன பொருள் தருகிறது, எது வெறுமையாக வரலாம், பட்டியல் வெட்டப்பட்டால் மீதியை எப்படிப் பெறுவது என்பவை போதும். வெட்டப்பட்டது என்ற செய்தி விடையிலேயே இருக்க வேண்டும். "மொத்தம் 340இல் முதல் 20" என்று இல்லாவிட்டால் இருபதே மொத்தம் என்று ஏஜென்ட் எண்ணிக்கொள்ளும். தன் நிரலெழுதும் ஏஜென்ட்டான கிளாட் கோடு, கருவிகளின் விடையை இயல்பாக 25,000 டோக்கன்களுக்குள் நிறுத்துகிறது என்று ஆந்த்ராபிக் 2025இல் எழுதியது. நீளத்துக்கு ஓர் எல்லை வேண்டும் என்பது நடைமுறையில் கண்ட பாடம். 2024இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட, நிரல்களில் உள்ள பிழைகளைத் தானே திருத்தும் எஸ்டபிள்யூஇ-ஏஜென்ட்டில், கோப்பைக் காட்டும் கருவி ஒரு நேரத்தில் 100 வரிகளைத்தான் காட்டியது. திருத்தத்தில் நிரல்மொழியின் இலக்கணப் பிழை இருந்தால் அந்தத் திருத்தத்தை ஏற்காமல் காரணத்தைச் சொன்னது. மாதிரியை மாற்றாமல், கருவியின் முகத்தை மட்டும் மாற்றியே அவர்கள் நல்ல முன்னேற்றம் கண்டார்கள்.

கட்டளைக் கருவியாக இருந்தால், நிரல்கள் படிப்பதற்கென்று மாறாத வடிவம் ஒன்றைத் தாருங்கள். கிட்டில் நிலையைக் காட்டும் கட்டளைக்கு 'போர்சலின்' என்ற தெரிவு உண்டு. பதிப்பு மாறினாலும் அந்த வடிவம் மாறாது என்று ஆவணமே உறுதி கொடுக்கிறது.

அழிக்கவோ பணம் அனுப்பவோ செய்யும் கருவிகளுக்கு?

திரும்பப் பெற முடியாத செயல் என்றால் அதை விளக்கத்தின் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். ஒரே கோரிக்கையை இருமுறை அனுப்பினால் இருமுறை நடக்குமா என்பதையும் சொல்லுங்கள். இணைப்பு அறுந்து விடை வராமல் போனால் ஏஜென்ட் மீண்டும் அழைக்கவே செய்யும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி அடையாளச் சாவி வாங்கி, அதே சாவி மீண்டும் வந்தால் பழைய விடையையே தரும் முறையை ஸ்ட்ரைப் பின்பற்றுகிறது. அதைப் போல ஒன்று உங்களிடம் இருந்தால், சாவியை எப்போது புதிதாக உருவாக்க வேண்டும், எப்போது பழையதையே அனுப்ப வேண்டும் என்பதை எழுதுங்கள். ஒத்திகை பார்க்கும் வசதி இருந்தால் அதன் பெயரையும் அங்கேயே குறிப்பிடுங்கள்.

2025 மார்ச் பதிப்பிலிருந்து எம்சிபியில், கருவி படிக்க மட்டும் செய்வதா, அழிக்கக்கூடியதா, மீண்டும் செய்தாலும் அதே பலனா என்பதைச் சொல்லும் குறிப்புகளைச் சேர்க்க முடிகிறது. அவை குறிப்புகள் மட்டுமே என்பதை மறந்துவிடக் கூடாது. "இதை அனுமதியின்றிச் செய்யாதே" என்று விளக்கத்தில் எழுதுவது பாதுகாப்பு ஆகாது. அனுமதியைச் சர்வரில் சரிபார்க்க வேண்டும். பெரிய தொகைக்கு மனிதரின் ஒப்புதலைக் கேட்க வேண்டும்.

கட்டளைக் கருவி ஒன்று நடுவில் நின்று "தொடரலாமா?" என்று கேட்டால்?

பெரும்பாலும் ஏஜென்ட் அங்கேயே தொங்கிப்போகும். கேள்வி கேட்காமல் ஓடும் தெரிவு ஒன்று இருக்க வேண்டும். 'ஆப்ட்-கெட்' கட்டளையில் அனைத்துக்கும் 'ஆம்' என்று கொள்ளும் தெரிவு போல. உதவிப் பக்கத்தின் தொடக்கத்திலேயே அது தெரிய வேண்டும்.

எங்களிடம் ஓப்பன்ஏபிஐ கோப்பு இருக்கிறது. அதிலிருந்து கருவிகளைத் தானாக உருவாக்கிக்கொள்ளலாமா?

தொடக்கத்துக்கு நல்லது, அதோடு நிறுத்திவிடாதீர்கள். 2011இல் ஸ்வாகர் என்ற பெயரில் வெளியாகி, பின்னர் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் ஓப்பன்ஏபிஐ என்று பெயர் மாறிய அந்த வடிவம், ஏபிஐயின் ஒவ்வொரு முகவரியையும் தனித்தனியே விவரிப்பதற்காக உருவானது. அதை அப்படியே மாற்றினால் 120 முகவரிகளுக்கு 120 கருவிகள் வரும். பட்டியலைப் படிக்கவே மாதிரியின் இடம் தீர்ந்துபோகும், ஒத்த கருவிகளுக்குள் குழம்பவும் செய்யும். ஒரு வேலையை முடிக்க எப்போதும் சேர்ந்தே அழைக்கப்படும் மூன்று முகவரிகள் இருந்தால், அவற்றை ஒரே கருவியாக்கி அதற்கு நல்ல விளக்கம் எழுதுவது மேல்.

வேறொருவர் தந்த எம்சிபி சர்வரின் (எம்சிபி வழியாகக் கருவிகளை வழங்கும் நிரலின்) விளக்கங்களை நம்பலாமா?

படித்துப் பார்த்த பிறகு நம்புங்கள். விளக்கம் மாதிரிக்கு நேரே போய்ச் சேரும் எழுத்து என்பதால், அதில் தீய கட்டளைகளை ஒளித்துவைக்க முடியும் என்பதைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2025இல் செய்து காட்டினார்கள். பயனரின் திரையில் கருவியின் பெயர் மட்டும் தெரியும். "இதை அழைக்கும் முன் இன்ன கோப்பைப் படித்து இணைக்கவும்" என்ற வரி மாதிரிக்கு மட்டும் தெரியும். சர்வரைப் புதுப்பிக்கும்போது விளக்கமும் மாறியிருக்கலாம் என்பதால், ஒவ்வொரு முறையும் பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

விளக்கம் நன்றாக இருக்கிறதா என்பதை எப்படிச் சோதிப்பது?

எழுதியவர் படித்துப் பார்ப்பது சோதனை ஆகாது. அவருக்கு விடை முன்பே தெரியும். உண்மையான பயனர்கள் கேட்ட இருபது முப்பது கேள்விகளைத் திரட்டி, ஏஜென்ட்டிடம் கொடுத்து, எந்தக் கருவியை எந்த மதிப்புகளோடு அழைத்தது என்ற பதிவை வரிவரியாகப் படியுங்கள். இறுதி விடை சரியா என்பதை மட்டும் பார்த்தால், நான்கு தவறான அழைப்புகளுக்குப் பின் தற்செயலாகக் கிடைத்த சரியான விடையும் தேர்ச்சி பெற்றுவிடும்.

பதிவைப் படிப்பதன் பயனுக்கு, ஆந்த்ராபிக் வெளியிட்ட இரண்டு செய்திகளைச் சொல்லலாம். இணையத்தில் தேடும் கருவியைக் கிளாட் அழைக்கும்போது தேடுசொல்லோடு தேவையில்லாமல் 2025 என்று சேர்த்துக்கொண்டிருந்ததைப் பதிவுகளில் கண்டு, கருவியின் விளக்கத்தைத் திருத்தியே அதைச் சரிசெய்தார்கள். மற்றொன்றில், ஏஜென்ட் வேறு கோப்புறைக்குப் போனபின் சார்புப் பாதைகளைத் தவறாகக் கொடுத்துக்கொண்டிருந்தது; முழுப் பாதையை மட்டுமே ஏற்கும்படி கருவியை மாற்றியதும் அந்தத் தவறு நின்றது. இரண்டாவதுதான் எனக்கு நெருக்கமான பாடம்: ஒரு தவறை நடக்கவே முடியாதபடி உள்ளீட்டை அமைத்துவிட்டால், அதைப் பற்றி எச்சரித்து எழுத வேண்டிய வரியே தேவைப்படாது. ஏற்கத்தக்க மதிப்புகள் நான்குதான் என்றால் அவற்றை ஸ்கீமாவிலேயே பட்டியலிடுங்கள். ஸ்கீமாவில் சொல்ல இடமில்லாததை மட்டும் விளக்கத்தில் எழுதுங்கள்.

விளக்கத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் அதே கேள்விகளை மீண்டும் ஓட்டுங்கள். ஒரு கருவிக்குச் சேர்த்த வாக்கியம், பக்கத்துக் கருவிக்குப் போக வேண்டிய அழைப்புகளை இழுத்துக்கொள்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆவணம் பழையதாகிப் போகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

விளக்கத்தை நிரலின் பக்கத்திலேயே, அதே களஞ்சியத்தில் வையுங்கள். நிரலை மாற்றும் கோரிக்கையில் விளக்கத்தின் மாற்றமும் இல்லையென்றால், சரிபார்ப்பவர் ஏன் என்று கேட்கட்டும். களஞ்சியத்தையே ஏஜென்ட் திருத்தும் இடங்களில், எப்படிக் கட்டுவது, எப்படிச் சோதிப்பது என்பதை 'ஏஜென்ட்ஸ்' என்ற பெயருள்ள மார்க்டவுன் கோப்பில் எழுதும் வழக்கம் 2025இலிருந்து பரவியிருக்கிறது. அதிலும் இதே விதிதான். பழைய கட்டளையைச் சொல்லும் கோப்பு, கோப்பே இல்லாததைவிட அதிக நேரத்தை வீணாக்கும்.

எங்களிடம் நாற்பது கருவிகள், எல்லாவற்றுக்கும் ஒரு வரி விளக்கம்தான். எங்கே தொடங்குவது?

எதையாவது மாற்றும், அனுப்பும், அழிக்கும் கருவிகளை முதலில் எடுங்கள். படிக்க மட்டும் செய்பவை காத்திருக்கலாம். முதலில் எடுத்தவற்றில் ஒவ்வொன்றின் உள்ளீடுகளையும், அந்தக் கருவியை இதுவரை தொடாத சக ஊழியர் ஒருவரிடம் விளக்கத்தோடு கொடுத்து, ஒரு வேலையைச் சொல்லி, மதிப்புகளை நிரப்பச் சொல்லுங்கள். அவர் பேனாவை நிறுத்தி உங்களை நிமிர்ந்து பார்க்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு வாக்கியம் விடுபட்டிருக்கிறது. கேள்விக்கு வாயால் பதில் சொல்லாமல், அதை அங்கேயே விளக்கத்தில் எழுதிவிட்டு மீண்டும் படிக்கச் சொல்லுங்கள். பணம் திருப்பித் தரும் எங்கள் கருவிக்கு இதைச் செய்தபோது, புதிதாகச் சேர்ந்த ஒருவர் தொகைப் புலத்துக்கு வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "ரூபாயா, பைசாவா?" என்பதுதான்.